உத்தியை அனுப்பும் முன்: சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோ கேம் ஆடும் எங்கள் குழுவுக்கு வரும் உத்திகளைப் படித்துச் சரிபார்ப்பவர்களில் நானும் ஒருவன். சோதித்ததற்கான ஆதாரம் இல்லாத எதையும் நாங்கள் ஏற்பதில்லை. இந்த விதி தெரிந்தே அனுப்புகிறவர்களும், பழைய ஆட்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். ஆதாரத்தை இணைக்க மறப்பது, படம் மங்கலாக இருப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஆதாரம் என்று நம்பி, ஆதாரமே ஆகாத ஒன்றை அனுப்புவதுதான் பிரச்சினை.

பத்து ஆட்டத்தில் முடிவு கட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். "பத்தில் ஏழு ஜெயித்தேன், இந்த டெக்கை நம்பி எடுக்கலாம்" என்று எழுதுவார்கள். (டெக் என்பது சீட்டு கேமில் ஒருவர் ஆடத் தேர்ந்தெடுக்கும் சீட்டுத் தொகுப்பு.) கணக்குப் போட்டுப் பாருங்கள். வெற்றிக்கும் தோல்விக்கும் சரிபாதி வாய்ப்புள்ள சாதாரண டெக்கிலும், பத்து ஆட்டத்தில் ஏழோ அதற்கு மேலோ ஜெயிக்க ஏறக்குறைய 17 சதவீத வாய்ப்பு உண்டு. ஆறு பேர் தனித்தனியாக ஆடினால், சராசரியாக ஒருவருக்கு அப்படி அமைந்துவிடும். மற்ற ஐந்து பேரும் பேசாமல் இருந்துவிடுவார்கள். அந்த ஒருவர் மட்டும் உற்சாகமாக எழுதுவார். அவர் சொல்வது பொய்யும் இல்லை என்பதால் படிப்பவர்களுக்குச் சந்தேகமே வராது.

விதி வருவதற்கு முன்னால் ஒரு பாஸ் சண்டைக்கான, அதாவது பெரிய எதிரியுடனான சண்டைக்கான, பில்ட் (ஆயுதம், கவசம், திறன்களின் சேர்க்கை) இப்படித்தான் பரவியது. எழுதியவர் இரண்டு முறை ஜெயித்திருந்தார். இரண்டு முறையும் கிரிட்டிகல் அடி (அதிர்ஷ்டத்தில் விழும் கூடுதல் பலமுள்ள அடி) அடுத்தடுத்து விழுந்திருந்தது என்பது ரீப்ளேயை, அதாவது ஆட்டத்தின் பதிவை, பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் குழுவில் இருந்த தம்பி ஒருவன், மாதக்கணக்கில் சேர்த்த அப்கிரேடு கற்களை எல்லாம் அந்த ஆயுதத்தில் போட்டுவிட்டான். அந்த கேமில் போட்ட கல் திரும்பி வராது. "அண்ணா, நான் ஏதாவது தப்பா பண்றேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் எதையும் தப்பாகச் செய்யவில்லை. கொஞ்ச நாளில் ஆடுவதையே நிறுத்திவிட்டான்.

சரி, எத்தனை ஆட்டம் வேண்டும்? 100 ஆட்டம் ஆடி 60 ஜெயித்தாலும், உண்மையான வெற்றி விகிதம் 50 முதல் 70 சதவீதத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த இடைவெளியைப் பாதியாக்க 400 ஆட்டம் வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் சதுரங்க நிரலுக்கு 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனை ஏற்பாடு இருக்கிறது. ஆட்டத்தின் வலிமையைக் கூட்டும் என்று யார் எந்த மாற்றத்தைக் கொண்டுவந்தாலும், பழைய வடிவமும் புதிய வடிவமும் தன்னார்வலர்களின் கணினிகளில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோத வேண்டும். கேட்க அருமையாக இருந்த யோசனைகளில் பெரும்பாலானவை அங்கே தேறுவதில்லை.

தனி ஆள் அவ்வளவு ஆட முடியாது, புரிகிறது. ஆடியது 30 என்றால் 30 என்றே எழுதுங்கள். மற்றவர்களும் ஆடிப் பார்த்துக் கணக்கைச் சேர்ப்பார்கள். அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லாத தந்திரங்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. சுவரின் ஒரு மூலையில் நின்று குதித்தால் மேல்தளத்துக்குப் போகலாம் என்றால், ஒரு தெளிவான வீடியோ போதும்.

பேட்ச் எண்ணை விடுவது

பேட்ச் என்பது கேமில் மாற்றங்களைக் கொண்டுவரும் அப்டேட்; எந்த பேட்ச்சில் சோதித்தது என்ற எண் இல்லாத உத்தியை நான் திறப்பதே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது

ஆயுதம், கவசம், திறன்கள் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு, "புது ஆயுதத்தால் டேமேஜ் கூடியது" என்று எழுதுவார்கள். கூடியது எதனால் என்று எப்படித் தெரியும்? பயிற்சிப் பொம்மையின் முன் நின்று ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே அளவு நேரம் அடித்து, சராசரியைக் குறியுங்கள். அப்புறம் அடுத்ததை மாற்றுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்தவர்களின் குறிப்புகளைத்தான் ஆட்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள்.

தோற்ற ஆட்டங்களை மறைப்பது

வெற்றித் திரையின் ஸ்கிரீன்ஷாட்டில் முடிவு மட்டும்தான் தெரியும். எதிராளி பாதியில் வெளியேறியிருந்தாலும் அதே திரைதான் வரும். தோற்றவற்றையும் சேர்த்து முழு ரீப்ளேக்களை அனுப்புங்கள். வேகமாக ஏறி அடிக்கும் எதிராளியிடம் உங்கள் உத்தி எந்த நிமிடத்தில் உடைகிறது என்று தெரிந்தால், அங்கே என்ன செய்யலாம் என்று யாராவது ஒரு வழி சொல்வார்கள்.

நண்பனையே எதிராளியாக வைப்பது

செல்லாது. ரேங்க் ஆட்டங்களில் (ஜெயித்தால் தரநிலை ஏறும், தோற்றால் இறங்கும் ஆட்டங்கள்) ஆடிவிட்டு, எந்த ரேங்க் என்றும் எழுதி அனுப்புங்கள்.