டேவிஸ் மலைச் சுற்று: 75 மைல், எட்டு சைக்கிள், ஒரு நெருஞ்சி முள்

மேற்கு டெக்சஸில் ஃபோர்ட் டேவிஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து டெக்சஸ் 118 சாலையில் மலையேறி, 166-இல் மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே இறங்கி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரலாம். மொத்தம் 75 மைல், அதாவது 120 கிலோமீட்டர். முழுக்கத் தார்ச்சாலை. ஆனால் வழியில் கடை கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது, பெரும்பாலான தூரத்துக்கு செல்போன் சிக்னலும் கிடையாது.

ஆஸ்டின், டாலஸ், ஹூஸ்டன் பக்கம் சனிக்கிழமை காலையில் 30, 40 மைல் சேர்ந்து ஓட்டிப் பழகிய நண்பர்கள் குழு, முதல் முறையாக மலைப்பக்கம் போக நினைத்தால் இதைத்தான் சொல்வேன். ஹெல்மெட், சீட் உயரம், கியர் மாற்றுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. எல்லாரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். இந்தச் சுற்றைக் கெடுப்பது ஏற்றம் இல்லை. முள்ளும் தண்ணீரும் கடிகாரமும்தான்.

படி 1: நாள் குறிப்பது

அக்டோபர். இரண்டாவது விருப்பம் நவம்பர் முதல் பாதி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஆளைத் தள்ளும். 2011 ஏப்ரலில் மார்ஃபா அருகே பற்றிய ராக் ஹவுஸ் தீ, அந்தக் காற்றில்தான் ஒரே நாளில் ஃபோர்ட் டேவிஸ் வரை வந்தது. அணைவதற்குள் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மலை பச்சையாக அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், ஒதுங்க ஒரு கூரை இருக்காது.

இப்போது கடிகாரம். ஃபோர்ட் டேவிஸும் ஹூஸ்டனும் ஒரே நேர மண்டலம். ஆனால் ஃபோர்ட் டேவிஸ் ரொம்ப மேற்கே இருப்பதால் சூரியன் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வரும். அக்டோபர் நடுவில் விடியவே ஏறக்குறைய 8 மணி ஆகிவிடும். "ஆறரைக்குக் கிளம்பிடலாம்" என்று ஊரில் இருந்தபடி திட்டம் போட்டால் கும்மிருட்டில் நிற்பீர்கள். இருட்டில் கிளம்புவதும் வேண்டாம்: விடியற்காலையில்தான் மான்கள் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணிக்குச் சக்கரம் உருண்டால் போதும். புதியவர்களுக்கு நிறுத்தங்களோடு ஏழு மணி நேரம் பிடிக்கும். மூன்று மணிக்குத் திரும்பிவிடலாம்.

படி 2: எந்தப் பக்கமாகச் சுற்றுவது

முதலில் 118, பிறகு 166. அதாவது இடஞ்சுழியாக. எதிர்ப்பக்கம் போனால் கடைசியில் நல்ல இறக்கம் கிடைக்கும் என்று சிலர் வாதாடுவார்கள். அந்த இறக்கத்துக்கு முன்னால், 45 மைல் ஓட்டிக் களைத்த காலோடு, உச்சி வெயிலில் ஏற வேண்டியிருக்கும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். இடஞ்சுழியாகப் போனால் காற்று எழுவதற்கு முன்பே ஏற்றம் முடிந்துவிடும். கடைசி 20 மைல் கிழக்கு நோக்கி வரும்போது மேற்குக் காற்று முதுகைத் தள்ளும்.

படி 3: டயர் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

இங்கே சாலையோரத்தில் தரையோடு தரையாகப் படர்ந்து, சின்ன மஞ்சள் பூப் பூத்திருக்கும் ஒரு கொடி. அமெரிக்கர்கள் கோட்ஹெட் என்பார்கள். நமக்கு அது பழைய ஆள்தான்: நெருஞ்சி. யானை நெருஞ்சி இல்லை, வயல் வரப்பில் செருப்பைத் துளைக்குமே, அந்தச் சிறுநெருஞ்சி. அமெரிக்காவுக்குக் கடல் தாண்டிப் போன களை. காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு நீள முள். எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முள் மேலே பார்த்து நிற்கும்.

தார் மேல் ஓட்டும்வரை பெரிய ஆபத்து இல்லை. சிக்கல் நிற்கும்போதுதான். யாரோ ஒருவர் "போட்டோ எடுக்கலாம்" என்பார். எட்டுப் பேரும் மரியாதையாகச் சாலையை விட்டு இறங்கி, சைக்கிளைப் புல்லில் உருட்டிக்கொண்டு போய்ச் சாய்ப்பார்கள். திரும்பி ஏறி 200 மீட்டர் போவதற்குள் ஆறு டயர் தட்டையாகியிருக்கும். ஆகவே முதல் விதி: தாரை விட்டு இறங்கினால் சைக்கிளை உருட்டக் கூடாது, தூக்க வேண்டும். ஷூவின் அடியிலும் முள் ஒட்டி வரும். ஏறுவதற்கு முன் தட்டிவிடுங்கள்.

ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத) டயர் உள்ளவர்கள் 32 மி.மீ. டயருக்குச் சக்கரம் ஒன்றுக்கு 45 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், ஊற்றுங்கள். எப்போதோ ஊற்றியது இருக்கிறது என்று நம்பாதீர்கள். இந்த வறண்ட காற்றில் இரண்டு மூன்று மாதத்தில் அது காய்ந்து தோலாகிவிடும். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பாருங்கள். தளும்பும் சத்தம் வராவிட்டால் சீலன்ட் இல்லை. முள் குத்தினால் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தை அரை நிமிடம் நிறுத்தினால் அடைபடும்.

ட்யூப் உள்ளவர்கள் ஆளுக்கு இரண்டு ட்யூப் எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்: ட்யூபை மாற்றி, காற்றடித்து, ஒரு மைல் போனதும் மறுபடி பஞ்சர். ட்யூப் மோசம் என்று திட்டுவார்கள். உண்மையில் பழைய முள்ளின் கொம்பு உடைந்து ரப்பருக்குள் புதைந்திருக்கும். வெளியே தெரியாது; காற்று ஏறி ட்யூப் அழுத்தியதும் அரை மில்லிமீட்டர் உள்ளே நீட்டும். விரலால் தேடினால் பலமுறை சிக்காது, சிக்கினால் விரல் கிழியும்.

செய்ய வேண்டியது இது. டயரைக் கழற்றும் முன்பே சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, வெளியே தெரியும் முள்ளையெல்லாம் எண்ணிக்கொண்டே பிடுங்குங்கள். ட்யூபை எடுத்துக் காற்றடித்து ஓட்டைகளை எண்ணுங்கள். முள் நான்கு, ஓட்டை ஐந்து என்றால் ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது. பிறகு ஒரு உருண்டைப் பஞ்சை டயரின் உட்புறம் முழுதும், இரண்டு திசையிலும் தேய்த்துக்கொண்டே போங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டி நிற்கும். நகவெட்டியோடு வரும் சின்னச் சாமணத்தால் பிடுங்கிவிடலாம். டயரை மாட்டும்போது அதன் மேல் உள்ள பெயரை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்துப் பழகுங்கள். ட்யூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

பம்ப் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. டயரை நிரப்பும் கார்பன் டை ஆக்சைடு குப்பி தனி ஆளுக்குச் சரி, குழுவுக்குச் சரியில்லை. ஒரு குப்பி ஒரு டயரோடு தீர்ந்தது. நல்ல கைப்பம்ப் இரண்டு இருந்தால் எட்டுப் பேருக்கும் போதும். பஞ்சர் ஒட்டச் சொல்யூஷன் ட்யூபைப் புதிதாக, மூடி உடைக்காததாக வாங்குங்கள். ஒருமுறை திறந்தது அடுத்த முறை தேவைப்படும்போது உள்ளே காய்ந்துதான் இருக்கும்.

சாலை கரடுமுரடான சல்லிப் பூச்சு, உள்ளங்கை மரத்துப்போகும். 70 கிலோ ஆளுக்கு 32 மி.மீ. ட்யூப்லெஸ்ஸில் 55 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். ட்யூப் போட்ட 28 மி.மீ. என்றால் 75. அதற்குமேல் அடித்தால் வேகம் கூடாது, அதிர்வுதான் கூடும்.

படி 4: தண்ணீரும் சோறும்

மணிக்கு 600 முதல் 750 மில்லி. ஏழு மணி நேரத்துக்கு ஆளுக்கு நான்கரை, ஐந்து லிட்டர். இரண்டு 750 மில்லி பாட்டிலும் முதுகில் ஒன்றரை லிட்டர் பையுமாக மூன்று லிட்டரோடு கிளம்பலாம். மீதி இரண்டு லிட்டரும் துணைக்கு வரும் காரில் இருக்கட்டும். எட்டுப் பேருக்கு 20 லிட்டர் கேன் ஒன்று. துணைக் கார் இல்லாமல் புதியவர்கள் போகவே வேண்டாம். ஓட்டுநருக்கு வேலை அதிகமில்லை: 24-ஆவது மைல் பிக்னிக் இடம், 166-இல் பாதி வழி, கடைசியில் பாயின்ட் ஆஃப் ராக்ஸ், இந்த மூன்று இடத்தில் காத்திருந்தால் போதும்.

சென்னையிலோ ஹூஸ்டனிலோ வியர்வை வழிவது தெரியும். இங்கே வழியும் முன்பே காய்ந்துவிடும், வியர்க்கவே இல்லை என்று தோன்றும். சட்டைத் தோளில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். சாப்பாட்டுக்கு ஜெல் பாக்கெட்டுகளை விடப் புளியோதரை மேல்: உப்பு, எண்ணெய், மாவுச்சத்து எல்லாம் இருக்கிறது, சாயங்காலம் வரை கெடாது. தயிர்சாதத்தை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். கடலை மிட்டாய் ஆளுக்கு நான்கு, சட்டைப் பையில்.

படி 5: குழுவைப் பிரிப்பது

எட்டுப் பேர் ஒரே கொத்தாகப் போனால் பின்னால் வரும் வண்டியால் முந்த முடியாது. நாலு நாலாகப் பிரியுங்கள், நடுவே ஒரு வண்டி நுழைய இடைவெளி. வழி தெரிந்தவர் முன்னால், பஞ்சர் பார்க்கத் தெரிந்தவர் கடைசியில். டெக்சஸ் சட்டப்படி போக்குவரத்தை மறிக்காதவரை இருவர் இணையாக ஓட்டலாம். ஆனால் 118-இன் வளைவுகளில் ஒற்றை வரிசைதான்.

கூவும் சொற்களை முதல் நாள் இரவே முடிவு செய்யுங்கள். ஒருவர் "கார் பேக்" என்று கத்த, இன்னொருவர் "பின்னால வண்டி" என்று கத்த, மூன்றாமவர் எதுவென்று திரும்பிப் பார்த்து முன்னால் போகிறவரின் சக்கரத்தில் இடிப்பார். "வண்டி", "சல்லி", "நிக்கிறேன்", மூன்றே போதும்.

படி 6: சாலை

4-ஆவது மைலில் மாநிலப் பூங்கா வாசல். இதுவரை உடம்பைச் சூடாக்குவதற்கு மட்டும். யாரும் வேகம் காட்ட வேண்டாம். ஊரே 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சமவெளியிலிருந்து நேற்று வந்தவருக்கு மூச்சு சீக்கிரம் வாங்கும். செயின் ஓடும் பல்சக்கரம் முன்னால் 34 பல், பின்னால் 34 பல்லாவது இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

16-ஆவது மைலில் மெக்டொனால்ட் வானாய்வகம். பார்வையாளர் மையத்தில் தண்ணீர் பிடிக்கலாம். திறந்திருக்கும் நாளா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து லாக் மலை உச்சிக்கு ஸ்பர் 78 என்றொரு கிளைச்சாலை போகிறது. 6,791 அடி, டெக்சஸ் நெடுஞ்சாலைகளிலேயே உயரமான இடம். செங்குத்தான ஏற்றம். ஆசைப்படுபவர்கள் மறுநாள் தனியாகப் போகட்டும்.

அடுத்து மடேரா பள்ளத்தாக்குக்கு இறக்கம். ஏறும்போது ஒரு சக்கர இடைவெளி போதும், இறங்கும்போது 30 மீட்டர் வேண்டும். வளைவுக்கு முன்பே பிரேக். வளைவின் உள்ளே பிடித்தால் உதிரிச் சல்லி வழுக்கிவிடும். 24-ஆவது மைலில் மரநிழலில் பிக்னிக் மேசைகள். அங்கே தண்ணீர் கிடையாது.

ஏறக்குறைய 29-ஆவது மைலில் இடப்பக்கம் 166. எல்லாரும் வரும்வரை யாரும் இங்கிருந்து நகரக் கூடாது. நேராகப் போனால் கென்ட் வழியாக ஐ-10 நெடுஞ்சாலைக்குப் போய்விடும், தப்பாக வந்தோம் என்று சொல்ல வழியில் ஆளும் இருக்காது. இடம் திரும்பியதும் ரம்பப் பல் போல நிற்பது சாடூத் மலை. கண்ணுக்கு நிறைவான பகுதி இதுதான்: மஞ்சள் புல்வெளி, தூரத்தில் மாடுகள், அவ்வப்போது ஒரு காற்றாலைப் பம்ப்.

தெற்கே போகும் இந்தப் பகுதியில் காற்று வலப்பக்கத்திலிருந்து வரும். காற்றுக்கு மறைவு தேடினால் முன்னால் போகிறவருக்கு இடப்பக்கம், அதாவது சாலை நடுவுக்கு நகர வேண்டியிருக்கும். படங்களில் பந்தயக்காரர்கள் அப்படிச் சாய்வரிசையில் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குச் சாலையை மூடிக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் ஒற்றை வரிசையிலேயே போங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் மாறட்டும்.

வலப்பக்கம் 505 என்ற சாலை பிரியும். அது வேலன்டைன் பக்கம் போகிறது, தொடாதீர்கள். 166-இலேயே கிழக்கே திரும்பினால் பின்காற்று. கடைசியாக டெக்சஸ் 17 சாலையைத் தொட்டதும் இடப்பக்கம், ஊர்.

பின்னால் சேர்த்தவை

பலரும் கேட்டது: ஒதுங்குவதற்கு இடம்? வேலியைத் தாண்டாதீர்கள். இருபுறமும் தனியார் பண்ணை. வேலிக் கம்பத்தில் நட்டுக்குத்தாக ஊதாப் பெயின்ட் கோடு இருந்தால், டெக்சஸ் சட்டப்படி அதுவே "அத்துமீறக் கூடாது" பலகை. எழுத்தில் ஒன்றும் இருக்காது. மரங்கள் உள்ள இடத்தில் வேலிக்கு இப்பக்கமே ஒதுங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் துணைக் காரின் இரண்டு கதவையும் திறந்து வைத்தால் மறைவு கிடைக்கும்.

இன்னொன்று, வரைபடம். போனில் முன்பே இறக்கி வைத்தோம், ஆனாலும் திறக்கவில்லை என்கிறார்கள். ஊரில் இருக்கும்போதே போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். அப்போது திறந்தால்தான் மலையிலும் திறக்கும். அவசரத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கடைசி ஆளிடம் இருக்கட்டும், காரில் அல்ல.

திரும்பியதும் சைக்கிளைக் காரில் ஏற்றும் முன் டயரையும் ஷூவின் அடியையும் ஈரத்துணியால் துடையுங்கள். துணியைக் குப்பையில் போடுங்கள், புல்லில் உதறாதீர்கள். வீட்டுக் கார்ப்பெட்டில் விழுந்த நெருஞ்சி எங்கே இருக்கிறது என்று வெறுங்காலோடு நடப்பவர்தான் கண்டுபிடிப்பார்.