காரே இல்லாமல் ஸ்காட்லாந்து மலையேற: பஸ் கிளப்பில் சேருவது எப்படி?

கிளாஸ்கோவுக்கு வந்த புதிதில் என்னிடம் காரும் இல்லை, கூட வர ஆளும் இல்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிறு பஸ் அமர்த்தி மலைக்குப் போகும் கிளப்பில் சேர்ந்ததும் இரண்டு குறையும் தீர்ந்தது.

1. கிளப்பைப் பிடிப்பது
'மவுன்டனியரிங் ஸ்காட்லாந்து' அமைப்பின் தளத்தில் கிளப் பட்டியல் இருக்கிறது. அதில் 'பஸ் மீட்' நடத்துபவர்களாகப் பாருங்கள். பல கிளப்களில் அவரவர் காரில்தான் போவார்கள்.

2. விருந்தாளியாகப் போவது
சந்தா கட்டும் முன் ஒன்றிரண்டு தடவை சும்மா வந்து பார்க்க விடுவார்கள். மின்னஞ்சல் போட்டு சீட் சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் பஸ் காசு பெரும்பாலும் போனதுதான்.

3. எந்த அணி?
நான் சறுக்கியது இங்கேதான். ஒரே பஸ்ஸில் கடினம், நடுத்தரம், சுலபம் என்று இரண்டு மூன்று அணிகள் போகும். என் முதல் நாளில் 12 கி.மீ. பென் லோமண்ட் மலை, 16 கி.மீ. தாழ்வான பாதை என்று இரண்டு இருந்தன. குறைந்த தூரம் பார்த்து முதலாவதில் பெயர் கொடுத்தேன். உயரம் 974 மீட்டர்தானே, நம்ம தொட்டபெட்டாவே 2,637 ஆச்சே என்ற தெனாவெட்டு வேறு. தொட்டபெட்டா உச்சிக்குக் காரிலேயே போகலாம் என்பது அப்போது உறைக்கவில்லை. பென் லோமண்டில் ஏரிக்கரையிலிருந்து அத்தனையும் காலால் ஏற வேண்டும்.

அதனால் தூரத்தை விட்டுவிட்டு ஏற்றத்தைப் பாருங்கள். 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பென் லோமண்டுக்கு 2 மணி 24 நிமிடமும் 1 மணி 37 நிமிடமும் சேர்ந்து நாலு மணி நேரம். சாப்பாடு, மூச்சு வாங்கல் தனி. 200 மீட்டரே ஏறும் 16 கி.மீ. பாதைக்கு மூன்றரை மணிதான்!

நான் இறங்கி வந்தபோது பஸ் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டி நாற்பது நிமிடம். யாரும் திட்டவில்லை. ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்தார்கள், அது போதாதா?

4. சாமான்
பூட்ஸுக்கும் மழை ஜாக்கெட்டுக்கும் மட்டும் காசைக் கொட்டுங்கள். மழை பேன்ட் மலிவானதே போதும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. குடை அந்தக் காற்றுக்கு நிற்காது. சாப்பாட்டுக்கு என் ஓட்டு சப்பாத்தி ரோலுக்கு. எலுமிச்சை சாதம் கொண்டுபோய், விறைத்த விரலால் பருக்கை பருக்கையாகப் பொறுக்கிய அனுபவம் உண்டு.

மாற்றுச் செருப்பு ஒரு பையில் பஸ்ஸிலேயே இருக்கட்டும். சேற்று பூட்ஸோடு ஏறினால் டிரைவர் முகம் மாறும்.

பிற்சேர்க்கை: "திரும்பும்போது நண்பர் காரில் போய்விடலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம், ஆனால் அணித் தலைவரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான். இறங்கும்போது தலை எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தால் அவசர எண் 999-க்குப் போன் போய், மீட்புக் குழு இருட்டில் மலை ஏறும். நீங்கள் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.