டீபக் செய்யும்போது போர்டு தானாக ரீசெட் ஆனால் காரணத்தைக் கண்டறிவது எப்படி?

பிரேக்பாயிண்டில் நிறுத்தி ஒரு மாறியின் மதிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரல் மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விட்டால், உடனே நிரலைத் திருத்தத் தொடங்க வேண்டாம். ஏன் ரீசெட் ஆனது என்பதைச் சிப்பே குறித்து வைத்திருக்கும். இங்கே எஸ்டிஎம்32எஃப்4 வகை மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை எடுத்துக்கொள்வோம்.

படி 1: மெயின் ஃபங்ஷனின் முதல் வேலையாக ரீசெட் காரணங்களை ஃபிளாக்குகளாக (காரணத்துக்கு ஒரு பிட்) வைத்திருக்கும் ஆர்சிசி_சிஎஸ்ஆர் ரிஜிஸ்டரைப் படித்து ஒரு குளோபல் மாறியில் சேமித்துவிட்டு, ஆர்எம்விஎஃப் பிட்டை 1 ஆக்கிப் பழைய ஃபிளாக்குகளை அழியுங்கள். அழிக்க மறந்ததால், என்றோ நடந்த வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் நிரல் புதுப்பிக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) ரீசெட்டின் ஃபிளாக்கை நம்பி அரை நாளை நான் வீணாக்கியிருக்கிறேன். இன்னொன்று: உள்ளிருந்து எழும் ரீசெட்டும் என்ஆர்எஸ்டி என்னும் ரீசெட் பின்னைக் கீழே இழுப்பதால், பின் ரீசெட் ஃபிளாக் எப்போதும் கூடவே எழும். அது மட்டும் தனியாக எழுந்திருந்தால்தான் பின்னைச் சந்தேகிக்க வேண்டும்; அப்போது பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: ஐடபிள்யூடிஜி ஃபிளாக் எழுந்திருந்தால் காரணம் வாட்ச்டாக். அது ஏறத்தாழ 32 கிலோஹெர்ட்ஸ் வேகமுள்ள தனிக் கடிகாரத்தில் ஓடுவதால், பிரேக்பாயிண்டில் சிபியு நின்றாலும் அது நிற்காது. பிரீஸ்கேலர் (கடிகாரத்தை வகுக்கும் எண்) 4, ரீலோடு (எண்ணத் தொடங்கும் மதிப்பு) 4095 என்றால் சுமார் 512 மில்லிவினாடியில் ரீசெட் விழுந்துவிடும். டீபக் அமைப்புகளுக்கான டிபிஜிஎம்சியு பகுதியில் உள்ள டிபிஜி_ஐடபிள்யூடிஜி_ஸ்டாப் பிட்டை 1 ஆக்கினால், சிபியு நிற்கும்போது அதுவும் நிற்கும். டீபக்கர் இல்லாமலும் இதே ரீசெட் வந்தால், எங்கோ ஒரு லூப் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டைமர் இன்டரப்டில் வாட்ச்டாக்கைப் புதுப்பித்து அதை மூடி மறைக்காதீர்கள்.

படி 3: பிரவுன்அவுட் (சப்ளை மின்னழுத்தம் வரம்புக்குக் கீழே இறங்குவது) ஃபிளாக் எழுந்திருந்தால் மல்டிமீட்டரை நம்ப வேண்டாம், சில மைக்ரோவினாடி மட்டுமே நீடிக்கும் மின்னழுத்தச் சரிவு அதில் தெரியாது. ஆசிலோஸ்கோப்பின் புரோபைச் சிப்பின் சப்ளை பின்னிலேயே வைத்து, 3.3 வோல்ட் போர்டு என்றால் 3.0 வோல்ட்டில் இறங்குமுக டிரிகரைச் சிங்கிள் முறையில் அமைத்துவிட்டு, மோட்டாரையோ ரிலேயையோ இயக்கிப் பாருங்கள்.

படி 4: சாஃப்ட்வேர் ரீசெட் ஃபிளாக் என்றால், நிரலிலிருந்தே சிப்பை ரீசெட் செய்யும் என்விஐசி_சிஸ்டம்ரீசெட் அழைக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும், குறிப்பாகக் கடும் பிழையின்போது ஓடும் ஹார்ட்ஃபால்ட் ஹேண்ட்லரில், பிரேக்பாயிண்ட் வையுங்கள். டீபக்கர் இணையும்போது அதுவே இந்த ஃபிளாக்கை எழுப்பக்கூடும் என்பதால் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எந்த ஃபிளாக்கும் எழவில்லை என்றால் ரீசெட்டே நடக்கவில்லை. நிரல்தான் தொடக்கத்துக்குத் தாவியிருக்கிறது. ஏவிஆர் என்னும் வேறு வகைச் சிப்புகளில் இது அடிக்கடி நேரும்: ஹேண்ட்லர் எழுதாத ஓர் இன்டரப்டை இயக்கிவிட்டால், ஏவிஆர்-ஜிசிசி கம்பைலர் அமைத்துத் தரும் இயல்பான ஹேண்ட்லர் நேராக முகவரி 0-க்கு, அதாவது நிரலின் தொடக்கத்துக்கு, தாவிவிடும்.