கோல்ஃப் டிரைவரின் எடையா, ஸ்விங் வேகமா? உங்களுக்குப் பொருந்தும் எடையை நீங்களே கண்டுபிடிக்கும் முறை

கோல்ஃபில் பந்தை மிகத் தூரம் அனுப்ப எடுக்கிற கிளப்பான டிரைவரில் தூரம் வரவில்லை என்று சொன்னால் போதும், பயிற்சி ரேஞ்சில் பக்கத்தில் நிற்பவர் இரண்டில் ஒன்றைச் சொல்வார். "லேசான கிளப் வாங்குங்க, வேகம் கூடும்." இல்லாவிட்டால், "ஹெட்ல எடை ஏத்துங்க, அடி பலமா விழும்." இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உங்களுக்கானது என்பதைப் புது டிரைவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் கிளப்பில் ஒட்டி எடை கூட்டுகிற ஒரு ஈய டேப் சுருளை வைத்தே பார்த்துவிடலாம். கிரிப் பிடிப்பது, நிற்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு, இது இல்லாமல் மற்றது புரியாது. விதிப்படி பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. டிரைவரின் ஹெட், அதாவது பந்தை அடிக்கிற தலைப்பகுதி, பெரும்பாலும் 200 கிராமை ஒட்டி இருக்கும். ஹெட்டில் பந்து படுகிற பரப்பான முகத்தின் துள்ளலுக்கும் (பந்தை எவ்வளவு எகிறச் செய்கிறது என்பதற்கும்) வரம்பு உண்டு, சுமார் 0.83. ஒன்றுடன் 0.83-ஐக் கூட்டி, அதை 'ஒன்று கூட்டல் பந்தின் எடை வகுத்தல் ஹெட்டின் எடை' என்பதால் வகுத்தால் 1.49 வரும். அதாவது ஹெட் மணிக்கு 100 மைல் வேகத்தில் வந்து நடுவில் பட்டால், பந்து சுமார் 149 மைலில் கிளம்பும். ஹெட்டை 220 கிராம் ஆக்கினால் 151 சொச்சம். ஆனால் அந்தக் கூடுதல் 20 கிராமால் உங்கள் ஸ்விங் 100-லிருந்து 98.3-க்கு இறங்கினாலே கிடைத்த லாபம் முழுக்கப் போய்விடும். லேசாக்கினாலும் இதே கதைதான், 180 கிராம் ஹெட்டில் அதே 149 வர ஸ்விங் 102-ஐத் தாண்ட வேண்டும். ஆக எடையால் மட்டும் பெரிய தூரம் வராது. உங்கள் உடம்பு எந்த எடையில் வேகத்தையும் விடாமல், பந்தை முகத்தின் நடுவிலும் சந்திக்கிறது என்பதுதான் கேள்வி.

படி 1: இப்போதைய நிலையை அளந்துகொள்ளுங்கள். பந்துக்குப் பின்னால் தரையில் வைக்கிற சின்ன ரேடார் கருவி ஒன்று போதும், லட்சக்கணக்கில் விலையுள்ள லாஞ்ச் மானிட்டர் இதற்குத் தேவையே இல்லை. பந்தின் வேகம், ஹெட்டின் வேகம் இரண்டையும் குறியுங்கள். ரேஞ்ச் பந்துகளை நம்ப வேண்டாம், தேய்ந்தது பாதி, பழையது பாதி. உங்கள் பையிலிருந்து ஒரே மாடல் பந்துகளை எடுத்து வலையில் அடியுங்கள். வெறும் காற்றில் வீசி எடுத்த வேகத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, பந்து இல்லாவிட்டால் எல்லோருக்கும் வேகம் கூடத்தான் வரும்.

படி 2: பந்தின் பின்புறம் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு பெரிய புள்ளி வைத்து, அது முகத்தைப் பார்க்கும்படி டீயில் வையுங்கள். அடித்ததும் முகத்தில் எங்கே பட்டது என்று தடம் இருக்கும், துடைத்துவிட்டு அடுத்தது. முகத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கர் எனக்குப் பிடிக்காது, அது பந்தின் சுழற்சியையே மாற்றிவிடுகிறது.

படி 3: டேப் ஒட்டுவது. எல்லோரும் சிக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். கிளப்பின் மொத்த எடை வேறு, கையில் ஹெட் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்கிற ஸ்விங் வெயிட் வேறு. ஹெட்டில் 2 கிராம் ஒட்டினால் ஸ்விங் வெயிட் ஏறக்குறைய ஒரு புள்ளி ஏறும், அந்த அளவுகோலில் டி2 என்பது டி3 ஆகும். கிரிப் முனையில் 5 கிராம் வைத்தால் மொத்த எடை கூடியிருக்கும், ஸ்விங் வெயிட்டோ ஒரு புள்ளி இறங்கியிருக்கும்! ஷாஃப்டை, அதாவது கிளப்பின் தண்டை, அரை அங்குலம் நீட்டினால் எதையும் ஒட்டாமலே மூன்று புள்ளி ஏறிவிடும். நீளம், கிரிப், ஹெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஹெட்டை மட்டும் தொடுங்கள். ஹெட்டின் அடிப்பாகத்தில், குதிகாலுக்கும் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) நுனிக்கும் (அதற்கு எதிர்ப்பக்கம்) சரிநடுவில், 2 கிராம் துண்டுகளாக ஒட்டிக்கொண்டே போங்கள். கிச்சன் தராசில் துண்டை நிறுத்துக்கொள்ளலாம். குதிகால் பக்கம் நகர்ந்தால் பந்து இடப்பக்கம் வளையப் பார்க்கும் (வலக்கை ஆட்டக்காரருக்கு), சோதனை கெட்டுவிடும். ஈயம் என்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். எடை மாற்றும் திருகு உங்கள் டிரைவரில் இருந்தால் டேப்பே வேண்டாம், அதுதான் சுத்தம்.

படி 4: ஒவ்வொரு எடையிலும் கை களைப்பதற்குள் நிறுத்திவிடும் அளவுக்கு அடித்து, சிறந்த அடியை விட்டுவிட்டு வரிசையில் நடுவில் வருகிற எண்ணை எடுங்கள். பார்க்க வேண்டியது பந்தின் வேகத்தை. 95 மைல் ஸ்விங்கில் நடுவில் பட்டால் பந்து 141 மைல், ஓரத்தில் பட்டு விகிதம் (பந்தின் வேகம் வகுத்தல் ஹெட்டின் வேகம்) 1.40-க்கு விழுந்தால் 133. பந்து வேகத்தில் ஒரு மைல் என்பது ஏறக்குறைய 2 கெஜம். ஓர அடியால் போகிற 16, 17 கெஜத்தை எந்த எடை மாற்றமும் திருப்பித் தராது. அதனால் இரண்டு எடைகள் பந்து வேகத்தில் சமமாக இருந்தால், தடங்கள் நெருக்கமாக விழுகிற எடையைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் ஸ்விங் வேகம். நடுவில் அடிக்கும் பழக்கம் வந்தபிறகு ஹெட் வேகத்தில் ஒரு மைல் கூடினால் சுமார் 2.5 முதல் 3 கெஜம். உண்மையான தூரம் இங்கே இருக்கிறது. 2020 யுஎஸ் ஓபனை விங்க்ட் ஃபுட் மைதானத்தில் வென்ற அமெரிக்க கோல்ஃப் வீரர் பிரைசன் டிஷாம்போ தூரத்தைக் கூட்டியது உடம்பை வளர்த்து, வேகத்தைக் கூட்டித்தான். லேசான குச்சியை வேகமாக வீசும் பயிற்சி நல்லது, ஆனால் முதுகு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் இரண்டு பேர் கேட்டது. ஆட்டத்தின் நடுவே டேப்பை ஒட்டலாமா? கூடாது, சுற்று தொடங்குமுன் ஒட்டியது அப்படியே இருக்கலாம், நடுவில் சேர்ப்பதோ உரிப்பதோ விதிமீறல். ஊட்டியில் விளையாடியபோது தூரம் கூடியது புது ஷாஃப்டாலா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, எந்த ஷாஃப்டிலும் பந்து கூடுதலாகப் பறக்கும். பந்து வேகத்தை ரேடாரில் பாருங்கள், சென்னையில் வந்த அதே எண் அங்கேயும் வந்தால் ஷாஃப்டுக்கு அதில் பங்கில்லை.