வெளிவேலைக்குப் போன் கவர் வாங்கும் முன் பத்துத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் பகல் முழுக்க நிற்பவன் நான். வரைபடம் பார்ப்பது, அளவு குறிப்பது, படம் எடுத்து அனுப்புவது, ஆட்களைக் கூப்பிடுவது எல்லாமே போனில்தான். மூன்று வருடத்தில் இரண்டு டிஸ்ப்ளே மாற்றினேன். இரண்டு முறையும் போனில் கவர் இருந்தது, டெம்பர்ட் கிளாஸும் இருந்தது. இரண்டாவது முறை விழுந்தது இடுப்பு உயரத்திலிருந்துதான், கொட்டி வைத்திருந்த ஜல்லி மேல். எடுத்துப் பார்த்தால் பின்பக்கம், மூலை, ஓரம் எதிலும் கீறல் இல்லை. திருப்பினேன், திரை முழுக்கச் சிலந்தி வலை. "கவருக்கு ஒண்ணும் ஆகல தம்பி" என்று மேஸ்திரி ஆறுதல் சொன்னார்.

அன்றைக்குப் பிறகு கவர் வாங்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். இப்போது இருப்பது ஒன்றரை வருடமாகத் தாங்குகிறது. அது எந்த மாடல் என்று சொல்லிப் பயனில்லை, உங்கள் போனுக்கு அது வராது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

படி 1: உங்கள் போன் எப்படி விழுகிறது?

மூன்று நாள் கவனியுங்கள். விழுந்தால் மட்டுமல்ல, விழப் பார்த்தாலும் கணக்கு. நான் எழுதி வைத்ததில் பாதிக்கு மேல் ஒரே காரணம்: குனியும்போது சட்டைப் பையிலிருந்து நழுவியது. சாரத்தின் மேலிருந்து விழுந்துவிடும் என்றுதான் அதுவரை பயந்துகொண்டிருந்தேன். உண்மையில் அது ஒரே ஒரு முறைதான் நடந்தது.

உயரம் ஏன் முக்கியம் என்றால், 1.2 மீட்டரிலிருந்து விழும் போன் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 3 மீட்டரிலிருந்து விழுந்தால் 27 கிலோமீட்டருக்கு மேல். அடியின் ஆற்றல் இரண்டரை மடங்கு. ஏணியிலும் சாரத்திலும் வேலை செய்பவருக்குக் கவரைவிடப் போனைக் கட்டி வைக்கும் கயிறுதான் முதலில் வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியே தண்ணீர், தூசு, வெயில், ரசாயனம் இவற்றில் எது உங்கள் வேலையில் தினமும் வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தாங்கும் ஒரே கவரைத் தேடினால் செங்கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

படி 2: என்ன பொருள்

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. சிலிக்கான் கையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நூலும் தூசும் ஒட்டிக்கொண்டே இருக்கும், நாளாக நாளாக ஓரம் தளர்ந்துவிடும். பாலிகார்பனேட் கெட்டியான பிளாஸ்டிக். அடியைப் பரப்பிவிடும், உறிஞ்சாது. டிபியு என்பது ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக், அடியை உறிஞ்சும், எண்ணெய்ப் பிசுக்குக்கும் அவ்வளவாக அசையாது.

என் தேர்வு: உள்ளே டிபியு, முதுகில் பாலிகார்பனேட். மூலையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்கி உடனே எழும்ப வேண்டும். பிறகு உள்பக்கத்தைத் திருப்பி மூலைகளைப் பாருங்கள். குழிவாகக் காற்றுக்கு இடம் விட்டிருந்தால் நல்லது. வெளியே தடிப்பாகக் காட்டிவிட்டு உள்ளே கெட்டிப் பிளாஸ்டிக்காக இருந்தால் அது வேஷம்.

ஒளி ஊடுருவும் டிபியு வேண்டாம். வெயிலில் மஞ்சளாகிவிடும். கறுப்பும் வேண்டாம் என்பேன். வெயிலில் சீக்கிரம் சூடாகும், கம்பிக் கட்டுக்கும் பலகைக்கும் நடுவே வைத்துவிட்டுத் தேடினால் கண்ணுக்கே படாது. என்னுடையது ஆரஞ்சு. பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் தொலைவதே இல்லை.

படி 3: வரப்பை அளப்பது

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். திரையைச் சுற்றிக் கவரின் ஓரம் எழும்பி நிற்கும் அல்லவா, வயலுக்கு வரப்பு மாதிரி? போன் குப்புற விழும்போது தரை முதலில் அதில்தான் பட வேண்டும். வரப்பு தாழ்ந்திருந்தால் பின்பக்கம் எவ்வளவு தடிப்பாக இருந்தும் பயனில்லை.

வரப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் நானும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து டெம்பர்ட் கிளாஸ் ஒட்டினேன். தப்பு அங்கேதான் நடந்தது. சாதாரணக் கண்ணாடியே 0.33 மில்லிமீட்டர் வரும், பசையும் சேரும். நான் ஒட்டியதோ அதைவிடத் தடிமன். கண்ணாடி ஏறியதும் வரப்பு இறங்கிவிட்டது.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அச்சுக்குப் பயன்படுத்தும் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். பத்துப் பதினைந்து தாளை விரல் அகலத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒட்டிய போனில் கவரை மாட்டி, திரை மேலே பார்க்க மேஜையில் வையுங்கள். இரும்பு ஸ்கேல் ஒன்றை ஓரம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி, இடது வரப்பிலிருந்து வலது வரப்புக்குப் பாலம்போல வையுங்கள். ஸ்கேலுக்கு அடியில் தாள் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டே போங்கள். இழுத்தால் லேசாகப் பிடிக்கும் நிலை வந்ததும் நிறுத்தி எண்ணுங்கள். பத்துத் துண்டு என்றால் வரப்பு 1 மில்லிமீட்டர்.

என் பழைய கவரைப் பிறகு இப்படி அளந்து பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் எட்டுத் தாள், கண்ணாடியோடு இரண்டே தாள். அதுவும் மூலையில்தான். நீளப் பக்கத்தின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் வரப்பு வெளிப்பக்கம் சாய்ந்து அந்த இரண்டும் போய்விட்டது.

அதனால் மேல், கீழ், இரண்டு நீளப் பக்கங்களின் நடு என்று நான்கு இடத்திலும் அளக்க வேண்டும். பல கவர்களில் வரப்பு மூலையில் மட்டும் உயர்ந்து நடுவில் தாழ்ந்துபோகும். சமமான தரையில் அது போதும், மேடு பள்ளத்தில் போதாது. என் கணக்கு: கண்ணாடியோடு சேர்த்துக் குறைந்தது பத்துத் தாள், அழுத்தினால் ஆறுக்குக் கீழே போகக்கூடாது. இது நானாக வைத்துக்கொண்ட அளவு, எந்தத் தர விதியும் அல்ல. இப்போதைய கவரில் பன்னிரண்டு நிற்கிறது. பின்னால் கேமராவைச் சுற்றியும் இதே வேலையைச் செய்யுங்கள்.

ஆனாலும் கூரான கல் திரையின் நடுவில் குத்தினால் எந்த வரப்பும் காப்பாற்றாது. ஜல்லியும் உடைகல்லும் நிறைந்த இடத்தில் முன்பக்கத்தையும் மூடும் பெல்ட் பௌச்தான் சரி. மணலும் அப்படித்தான். மணலில் உள்ள குவார்ட்ஸ், கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் 7, போன் கண்ணாடி பெரும்பாலும் அதற்குக் கீழே. விழவே வேண்டாம், மணல் கலந்த பையில் உரசினாலே கீறும். டெம்பர்ட் கிளாஸைத் தியாகி என்று நினைத்து ஒட்டுங்கள், கீறினால் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு சின்னச் சண்டையும் வரும். திரையின் விளிம்பு வரை மூடும் கண்ணாடியைக் கவரின் வரப்பு நெம்பித் தூக்கிவிடும். ஓரத்தில் வெள்ளைக் கோடாகக் காற்று தெரிந்தால் அதுதான். விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும் சின்ன அளவுக் கண்ணாடி வாங்குங்கள். முன்பக்கப் பிளாஸ்டிக் படலம் கவரிலேயே சேர்ந்து வரும் வகை எனக்குப் பிடிக்காது. வியர்வை பட்டால் வானவில் தெரியும், விரலும் சரியாகப் பதியாது.

படி 4: பிடிப்பும் மூடிகளும்

மாட்டிய போனைக் காதருகே வைத்து உதறுங்கள். கடகடத்தால் வேண்டாம். நீளப் பக்கத்தை விரலால் இழுத்தால் எளிதாகக் கழன்று வருகிறதா? விழும்போதும் அப்படித்தான் வரும், கவர் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். பட்டன்களைக் கையுறையோடு அழுத்திப் பாருங்கள்.

சார்ஜ் துளையை மூடும் சின்ன ரப்பர் மூடி தூசு வேலைக்கு நல்லதுதான். ஆனால் தினமும் மூன்று முறை திறந்தால் கழுத்தில் அறுந்துவிடும். கழுத்து அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். துளையில் சிமெண்ட் தூசு போனால் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டால் அது அங்கேயே இறுகும். போனை அணைத்துவிட்டு, காய்ந்த மரப் பல்குச்சியால் மெதுவாகத் தட்டி எடுங்கள்.

தண்ணீர் புகாத கவர் வாங்கினால் போனை வைத்துச் சோதிக்காதீர்கள். உள்ளே டிஷ்யூ தாள் வைத்து மூடி, மேலே கனம் வைத்து வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் விடுங்கள். எடுத்துத் துடைத்துத் திறக்கும்போது தாள் காய்ந்திருந்தால் சரி. போனே ஐபி68, அதாவது தூசும் தண்ணீரும் புகாத தரம் என்று நம்பி இருப்பவர்களுக்கு ஒன்று: அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, உப்புத் தண்ணீருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் பொருந்தாது. டிஸ்ப்ளே மாற்றிய போனில் அந்த அடைப்பு பழையபடி இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. என் போன் அந்த ரகம்.

படி 5: அட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பது

'ராணுவத் தரம்', 'மில்-எஸ்டிடி-810' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுப்பு. கவர்களில் பெரும்பாலும் சொல்வது 2008இல் வந்த 810ஜி பதிப்பின் விழும் சோதனையை. 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும்: 6 பக்கம், 12 ஓரம், 8 மூலை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தரை என்ன தெரியுமா? கான்கிரீட் மேல் விரித்த 2 அங்குல ப்ளைவுட். ஐந்து மாதிரிகள் வரை வைத்து அந்த 26 முறையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சான்றிதழ் தர ராணுவம் யாரையும் உட்கார வைக்கவில்லை, நிறுவனமே சோதித்து நிறுவனமே எழுதிக்கொள்ளலாம்.

அதனால் அந்த வரியைப் பார்த்ததும் நான் தேடுவது இரண்டு: எந்த உயரம், எத்தனை முறை. அதைக்கூட எழுதாமல் ராணுவம் என்று மட்டும் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுவேன்.

படி 6: எங்கே வைத்துக்கொள்வது

கவரைவிட என் போனைக் காப்பாற்றியது இடத்தை மாற்றியதுதான். சட்டைப் பையை விட்டு இடுப்புப் பௌச்சுக்குப் போனேன். கவரில் கயிறு மாட்டும் துளை இருந்தால் உயரத்தில் ஏறும்போது கயிற்றை பெல்ட்டில் இணைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் மாட்டாதீர்கள். சுழலும் இயந்திரம் பக்கத்தில் கழுத்துக் கயிறு உயிருக்கே ஆபத்து.

தடித்த கவர் சூட்டையும் உள்ளேயே வைத்திருக்கும். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் சொல்கிறது. வெயிலில் திரை தானாக மங்கினாலோ சார்ஜ் நின்றாலோ போன் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். நிழலுக்குப் போய்க் கவரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை

பெயிண்ட் வேலை செய்யும் வாசகர் ஒருவர், நான் சொன்னபடி வாங்கிய கவரின் முதுகு ஒரே மாதத்தில் விரிசல் விட்டதாக எழுதினார். கறையைத் தின்னர் துணியால் துடைத்திருக்கிறார். பாலிகார்பனேட்டுக்குத் தின்னரும் அசிட்டோனும் ஆகாது. அந்த வேலைக்கு முதுகிலும் டிபியு உள்ள கவரே மேல், அதையும் சோப்புத் தண்ணீரால்தான் துடைக்க வேண்டும். கொசு விரட்டி பூசிய கையும் கவனம், அதிலுள்ள டீட் பல பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

நில அளவை செய்பவர் ஒருவரின் பிரச்சினை எனக்குத் தோன்றவே இல்லை. புதுக் கவர் போட்டதிலிருந்து போனின் திசைகாட்டி தப்பாகக் காட்டுகிறதாம். கவரில் காந்தம் இருந்தால் அப்படித்தான். திசை பார்க்கிறவர்கள் காந்த வளையமோ காந்த மூடியோ இல்லாத கவராக வாங்குங்கள். வயர்லெஸ் சார்ஜ் போடுபவர்களுக்கு இதன் மறுபக்கம்: முதுகில் இரும்புத் தகடு இருந்தால் சார்ஜ் ஏறாது, தகடும் சூடாகும்.

"கவர் போட்டும் போனின் பின்பக்கம் கீறுகிறதே" என்று மூன்று பேர் கேட்டார்கள். கவரைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் உள்ளே போன தூசு உப்புத்தாளாக வேலை செய்கிறது. நான் சனிக்கிழமை வேலை முடிந்ததும் கழற்றி, கவரைக் கழுவிக் காயவைத்து, போனை ஈரத்துணியால் துடைத்து மாட்டுகிறேன். போன வாரம் உள்ளேயிருந்து கம்பி கட்டும் ஒயரின் துண்டு ஒன்று வந்தது. எப்படிப் போனது என்று இன்னும் புரியவில்லை.