ஒட்டுறவுக் கெழு சுழியை ஒட்டியே நின்றது: என் அனுபவம்

மூன்று நாளைத் தின்ற சிக்கல் இது. 40 பெரியவர்களின் உயரத்தையும், பக்கவாட்டில் விரித்த கைகளின் நீளத்தையும் அளந்தேன். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும் என்பதால் ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்; 0 என்றால் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.8-க்கு மேல் வரவேண்டும். வந்ததோ 0.06. வரைபடத்தில் புள்ளிகள் நாலாபுறமும் இறைந்து கிடந்தன.

முதலில் அளவெடுப்பின் மேல்தான் சந்தேகம். 10 பேரைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி மறுபடி அளந்தேன், காகிதப் படிவங்களில் குறித்ததோடு 1 செ.மீ. வித்தியாசம்கூட இல்லை. மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகிய மதிப்புகளும் அகப்படவில்லை. புதிதாக 15 பேரைச் சேர்த்தபோதுதான் துப்பு கிடைத்தது. அந்த 15 புள்ளிகள் மட்டும் ஒரே சாய்கோட்டை ஒட்டி விழுந்தன!

பழைய 40 வரிசைகளைப் பார்த்தால், உயரம் 148.0, 149.5, 151.2 என்று ஏறிக்கொண்டே போகிறது. எக்செலில் உயரம் உள்ள பத்தியை (column) மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒருவரின் உயரம் இன்னொருவரின் கை நீளத்தோடு சேர்ந்துவிட்டது. சராசரி, திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்ற அளவு), சிறும பெரும மதிப்புகள் எதுவும் இதில் மாறாது. அதனால்தான் வழக்கமான சரிபார்ப்பில் பிடிபடவில்லை. இரண்டு பத்தியையும் தனித்தனியே வரிசைப்படுத்தியிருந்தால் இன்னும் ஆபத்து: கெழு 1-ஐ நெருங்கும், யாருக்கும் சந்தேகமே வராது.

முதல் பத்தியில் ஆள் எண் போட்டு, காகிதப் படிவங்களைப் பார்த்து 40 ஜோடிகளையும் மறுபடி தட்டச்சு செய்தேன். 55 பேருக்கும் சேர்த்துக் கெழு 0.91. இனி முழு அட்டவணையையும் தேர்ந்தெடுக்காமல் வரிசைப்படுத்துவதில்லை.