அபார்ட்மென்ட் அசோசியேஷன் கமிட்டிக்கு வந்துட்டீங்களா? நான் பண்ண தப்ப பண்ணாதீங்க

போன வாரம் டீக்கடைல பக்கத்து அபார்ட்மென்ட் புது கமிட்டி தம்பி ஒருத்தர், "அண்ணா, ரெண்டு வருஷமா மெயின்டெனன்ஸ் ஒரு ரூபா ஏத்தல"ன்னு பெருமையா சொன்னாரு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. மடிப்பாக்கத்துல செகரட்டரியா இருந்தப்போ இதே டயலாக்க ஜெனரல் பாடில சொல்லி கைதட்டு வாங்கினவன் நான். கணக்கு எழுதுங்க, பில் வாங்குங்கன்னெல்லாம் சொல்லப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

கார்பஸ்ல கை வைக்கிறது

எங்களுது 30 வீடு. பில்டர் ஒப்படைச்சப்போ வீட்டுக்கு 25,000, மொத்தம் ஏழரை லட்சம் கார்பஸ், அதாவது பெரிய வேலைக்குன்னு ஒதுக்கி வைக்கிற பொதுப் பணம். வாட்ச்மேன் சம்பளம் ஏறுச்சு, காமன் ஈபி பில் ஏறுச்சு, 2019ல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல சென்னைக்கு தண்ணி வந்துச்சே, அந்த வெயில்ல எங்க போர் வத்திப்போய் தண்ணி லாரிக்காரன் கேட்டதெல்லாம் குடுத்தோம். சராசரியா மாசம் 15,000 துண்டு விழுந்துச்சு. வீட்டுக்கு வெறும் 500 ஏத்தியிருந்தா முடிஞ்சிருக்கும், ஆனா மீட்டிங்ல யாரு வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிறதுன்னு பயந்துக்கிட்டு எஃப்டிய உடைச்சு உடைச்சு போட்டேன். மூணு வருஷத்துல 5,40,000 காலி. ஒருத்தர் கூட கேக்கல, அதுதான் இன்னும் எரிச்சல், கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேனே.

அப்புறம் லிஃப்ட் கன்ட்ரோலரும் மோட்டரும் ஒண்ணா போச்சு. கொட்டேஷன் 4,80,000. கைல இருந்தது 2,10,000. வீட்டுக்கு 9,000 கேட்டு வாசல் வாசலா ஏறினேன், பாதி பேரு "கார்பஸ் எங்க சார்?"னு திருப்பிக் கேட்டாங்க, பதில் இல்ல. வசூல் முடியவே ரெண்டு மாசம். முட்டி ஆபரேஷன் பண்ண மூணாவது மாடி அம்மா அத்தனை நாளும் கீழயே இறங்கல, என்னைய ஒரு வார்த்தை திட்டவும் இல்ல. திட்டியிருக்கலாம்.

கார்பஸ் தனி அக்கவுண்ட்ல, ரெண்டு பேர் கையெழுத்தோட, எஃப்டில கிடக்கட்டும். பெயின்டிங், லிஃப்ட், மொட்டை மாடி ஒழுகல் மாதிரி பெரிய வேலைக்கு மட்டும் அதையும் ஜெனரல் பாடி தீர்மானம் போட்டு எடுங்க. மாசச் செலவு மாச வசூல்லயே அடங்கணும். அடங்கலன்னா ஏத்துங்க, திட்டு ஒரு சாயங்காலத்தோட போயிடும்.

வாட்ஸ்அப் தம்ப்ஸ் அப் தீர்மானம் இல்ல

எடுத்த முடிவ மினிட்ஸ் புக்ல எழுதி கையெழுத்து வாங்குங்க. நாளைக்கு அந்த குரூப்ப விட்டு மொதல்ல வெளிய போறவரே தம்ப்ஸ் அப் போட்டவராத்தான் இருப்பாரு.

செப்டிக் டேங்க்ல ஆள இறக்காதீங்க

மனுஷங்க கையால மலம் அள்ளுறத தடுக்கிற 2013 சட்டப்படி குத்தம். கழிவுநீர் உறிஞ்சுற லாரியக் கூப்பிடுங்க.

ஜிஎஸ்டி பயம்

ஒரு வீட்டுக்கு மாசம் 7,500க்கு மேல வாங்கி, அசோசியேஷன் வருஷ வரவும் 20 லட்சத்த தாண்டினாதான் 18 சதவீதம். சின்ன அபார்ட்மென்ட்டுக்கு இது வராது. ஆனா தமிழ்நாட்டு 1975 சொசைட்டி சட்டத்துல பதிஞ்சிருந்தா வருஷா வருஷம் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கணக்கு தாக்கல் பண்ணணும், அத மறந்துடுறாங்க.

அடுத்த கமிட்டிக்கு சார்ஜ் குடுக்கும்போது

லிஃப்ட் ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்), பிளான் காப்பி, பாஸ்புக், சாவி எல்லாத்தையும் லிஸ்ட் போட்டுக் குடுங்க. எனக்கு முந்தின செகரட்டரி ஒரு ஜவுளிக்கடை கவர்ல சாவிக்கொத்த போட்டுக் குடுத்துட்டு போயிட்டாரு. அதுல ரெண்டு சாவி எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.